கிளாக்கர் வாசலும் எங்கள் இஸ்தோப்பும்

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்குத் தந்தி வந்தால் யாரும் உடனே பிரிக்கமாட்டார்கள். பிரித்தாலும் பயனில்லை, உள்ளே இருப்பது ஆங்கிலம். என் தாத்தாவுக்கு ஊரிலிருந்து தந்தி வந்த அன்று அவர் அதை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி, வெறுங்காலோடு கிளாக்கர் ஐயாவின் குவாட்டர்ஸுக்கு ஏறிப்போனார். ஐயா சாப்பாட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்தபின் ஒரு கண் அயர்ந்தார். தாத்தா கொய்யா மரத்தடியில் குந்தியிருந்தார். பிற்பகல் ஐயா வெளியே வந்து காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, "ஒன் ஆத்தா செத்துப்போச்சாமப்பா" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அர நாளு எங்கம்மா சாவ மடியில வச்சிக்கிட்டு, அது தெரியாம ஒக்காந்திருந்தேன்டா" என்று தாத்தா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கிளாக்கரை அவர் திட்டியதே கிடையாது. அந்த அரை நாளைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

எங்கள் திம்புள்ளைத் தோட்டப் பக்கத்தில் ஆங்கிலம் அன்று எங்கே இருந்தது என்று கேட்டால் இந்தக் கொய்யா மரத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். பங்களாவில் துரை, சின்னத்துரை, ஆபீசில் கிளாக்கர், ஸ்டோரில் டீமேக்கர், ஆஸ்பத்திரிக் காம்பராவில் மருந்து கொடுக்கும் ஐயா. ஆங்கிலம் இவர்களோடு நின்றது. அதற்குக் கீழே லயத்துக்கு வந்து சேர்ந்தவை உடைந்த சொற்கள் மட்டும். காலையில் ஆளைக் கணக்கெடுக்க நிறுத்திய 'பரேட்' எங்கள் வாயில் பிரட்டு ஆனது, நின்ற இடம் பிரட்டுக்களம் ஆனது. ஆள்கணக்குப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை. அந்தப் பேரும் கிளாக்கரின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டது. ஒரே ஆளுக்குச் செக்ரோலில் ஒரு பேர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், ரேஷன் புத்தகத்தில் இன்னொரு பேர்.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இந்த எழுத்துப் பிழைகளின் விலை தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மறுக்கப்பட்டதற்கு அரசியல்தான் முதல் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அரச நிருவாகம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. தன் வாழ்க்கையைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தானே வாசிக்க முடியாத ஒரு சனம் அந்த நிருவாகத்தின் முன்னால் போய் நின்றது.

இன்னொரு பக்கம், துரைமார் தமிழ் படித்தார்கள். 1915-இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவர் தோட்டத் துரைமாருக்காக எழுதிய புத்தகத்தின் பெயரே 'கூலித் தமிழ்'. நூறாண்டு கழித்து அந்தப் பெயரையே தலைப்பாக்கி, எங்கள் மலையகத்தவரான மு. நித்தியானந்தன் ஓர் ஆய்வு நூல் எழுதினார். துரை கற்ற தமிழ் வேலை வாங்குவதற்கான தமிழ். தொழிலாளிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அதே காலத்தில் எந்தத் துரையும் புத்தகம் எழுதியதாக நான் அறியேன். 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 10 வயதுவரை பாடம் சொல்லிக்கொடுக்கத் தோட்ட நிருவாகங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்தப் பாடம் தாய்மொழியில் எழுத்தும் கணக்கும். ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. பத்து வயதானால் கொழுந்துக்கோ புல்லு வெட்டவோ போகவேண்டியதுதான். 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கே வந்தது. எங்கள் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970-களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நாட்டின் மற்றப் பிள்ளைகள் ஏறிப்போன படிகளை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்திலும் ஒரு மனிதர் ஏறிவிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை, 1914-இல் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். கங்காணிக் குடும்பம் என்பதால் ஆங்கிலப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க முடிந்தது. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். தோட்டத்து மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதினார், 1970-இல் உழைக்கப் பிறந்தவர்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வந்தது. அந்த நெடுங்கவிதையைச் சக்தீ பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். லயத்தின் வாழ்க்கையை வெளியுலகம் வாசித்தது முதலில் ஆங்கிலத்தில். அதைத் தமிழுக்குக் கொண்டுவர இன்னொரு கவிஞர் வேண்டியிருந்தது. சி.வி. தமிழிலும் நாவல்கள் எழுதினார், மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டினார். ஆனால் கொழும்பில் இருந்தவர்களும் கடல் கடந்தவர்களும் எங்களை ஏறெடுத்துப் பார்த்தது அந்த ஆங்கில எழுத்தால். கிளாக்கரும் துரையும் எங்களைப் பற்றி எழுதிவைத்த மொழியிலேயே, எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். ஆங்கிலம் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் என் மனதில் முதலில் வருவது அவர் முகம், சம்பளக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1980-களில் தோட்டத்து இளைஞர்களுக்கு ஆசிரியர் நியமனம் கொடுத்தார்கள். சாதாரணதரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்திருந்ததால் ஆங்கிலப் பாடமும் என் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் நான் படித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் இருந்த தூரம். கண்டியில் ஓர் அலுவலகத்துக்கு ஒருமுறை பயிற்சி விடயமாகப் போனேன். நான் ஆங்கிலத்தில் சொன்ன இரண்டு வாக்கியத்தைக் கேட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டும்வரை நான் யாரோடும் பேசவில்லை. ஆனாலும் மறுநாள் வகுப்பில் அதே இரண்டு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, பிழை எங்கே என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடினேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத அதுவும் ஒரு காரணம்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

பத்தனைச் சந்தியில் இறங்கினால் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஜெர்மனியின் உதவியோடு 1990-களின் தொடக்கத்தில் எழுந்தது. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை ஆக்கித் தரவேண்டும் என்பதுதான் அதன் பிறப்பின் நோக்கம். ஆசிரியர் வெளியூரிலிருந்து வந்து, குளிருக்குப் பயந்து மூன்றாம் மாதம் மாற்றல் கேட்கும் காலம் அதனால் பெரும்பாலும் முடிந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது வழக்கறிஞர், வைத்தியர், விரிவுரையாளர். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பக்கத்தில் எண்ணத் தொடங்கினால் என் ஒரு கை விரல்களுக்கு மேல் எனக்கு வேலையில்லை.

அந்த விரல்களில் ஒன்று என்னிடம் படித்த பிள்ளை. அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பா கொழும்பில் கடை வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். கடந்த சித்திரை லீவில் அவள் வீட்டுக்குப் போனேன். இஸ்தோப்பில், அதாவது லயத்து முன் திண்ணையில், ஒரு பெஞ்சு, ஒரு பிளாஸ்டிக் கதிரை. நான் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் ஊழியர் சேமலாப நிதிக் கடிதம். ஓர் அக்கா சவூதிக்குப் போவதற்கு ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தார், அரபும் ஆங்கிலமுமாகப் பக்கங்கள். "இந்தா புள்ள, கையெழுத்துப் போடச் சொல்றாங்க. என்னா போட்ருக்குனு பாத்துச் சொல்லு." அவள் கதிரையை அந்த அக்காவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் படியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்துத் தமிழில் சொன்னாள். ஓய்வு நாள் பற்றிய வரி வந்தபோது நிறுத்தி, "இது நல்லா இல்லக்கா, போடறதுக்கு முன்ன ஏஜென்சியில கேளுங்க" என்றாள். அக்கா சுணங்காமல் எழுந்து போனார், கேட்டுவிட்டு வருகிறேன் என்று.

தாத்தாவின் கொய்யா மரத்துக்கும் இந்த இஸ்தோப்புக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு. காகிதம் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வாசித்துச் சொல்பவள் எங்கள் பிள்ளை, காத்திருக்கவைக்காத பிள்ளை.

பேராதனையில் அவளுக்கு முதல் வருடம் சுகமாக இருக்கவில்லை. பேராதனையின் முன்னோடியான இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-இல் தொடங்கியபோது ஆங்கிலத் துறையை வளர்த்தவர் பேராசிரியர் ஈ.எஃப்.சி. லுடோவைக். நாடகமும் விமர்சனமும் தழைத்த இடம் அது. அந்த மரபின் பின்னால் வரும் வகுப்பில், பத்து வயதிலேயே நாவல் வாசித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டும். இவள் உயர்தரத்துக்கு வைத்த புத்தகங்களைத் தவிர வேறு கண்டதில்லை. வாய் திறந்தால் உச்சரிப்பைப் பார்ப்பார்களோ என்று ஆறு மாதம் பேசவில்லை என்றாள். பிறகு நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயை வாசித்தபோது, "சேர், ஊருக்கு வெள்ளக்காரன் வர்ற கதை. நம்ம தாத்தாமார் சொன்ன மாதிரியே இருந்திச்சி" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நூலகத்தில் சி.வி.யின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்த அன்று இன்னொரு அழைப்பு. மடகொம்பரை எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அவரைப் படிக்க அவள் பேராதனைக்குப் போகவேண்டியிருந்தது. அவரை ஏன் வகுப்பில் சொல்லித்தரவில்லை என்று என்னிடமே கேட்டாள். அது என் குறை, ஒத்துக்கொண்டேன்.

ஆங்கிலம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. நாள் சம்பளம் 1000 ரூபாயைத் தொடவே 2021 வரை போராடிய குடும்பங்கள் நாலு வருடப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது பதில் தெரியத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது ஆசிரியத் தொழில். ஆங்கில ஆசிரியர் போதாத பாடசாலை மலையகத்தில் எங்கும் உண்டு. பட்டதாரியாக ஆசிரியர் சேவைக்குள் நுழைகிறவரின் படிநிலையும் சம்பளமும் நான் நுழைந்த காலத்தைப்போல் இல்லை. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலும் எல்லாப் பீட மாணவருக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் அலகு இருக்கிறது. ஆங்கிலப் பட்டதாரிகள் பலர் அங்கே தற்காலிகப் போதனாசிரியராக நுழைந்து, முதுகலை முடித்து விரிவுரையாளராகிறார்கள்.

இரண்டாவது, எங்கள் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஒருபடி மேலே உரிமையுள்ள வேலை, மொழிபெயர்ப்பு. அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் 1987-இல் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. காகிதத்தில் இருக்கும் அந்த உரிமை அலுவலக மேசைக்கு வரவேண்டுமென்றால் இரண்டு மொழியும் கைவந்த ஆள் வேண்டும். பிரதேச செயலகம், நீதிமன்றம், பொலிஸ் நிலையம், வைத்தியசாலை என்று எல்லா இடத்திலும் அந்தத் தட்டுப்பாட்டை நாம் முகத்துக்கு நேரே பார்க்கிறோம். வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம் என்று வளர்ந்த திம்புள்ளைப் பிள்ளை ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டால் மூன்று மொழி கையில் இருக்கும். கொழும்பின் பெரிய பள்ளிகளில் படித்த பலருக்கு அது கிடையாது. யாழ்ப்பாணம், களனி, சபரகமுவ பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றவருக்கு வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்களே போதிய வேலை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், வங்கி, சுற்றுலா, கணினி நிறுவனங்களுக்கான எழுத்து வேலை. தேயிலையிலேயே உண்டு. 1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இன்றும் ஆங்கிலத்தில் நடக்கிறது. சனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவில் வரும் திம்புள்ளைத் தேயிலையின் மணத்தையும் நிறத்தையும் வாங்குபவருக்கு எழுதிச் சொல்வதும் ஒரு தொழில். அந்த மேசைகளில் கொழுந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் உட்காரவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். 2021 கடைசியில் நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் தோமொயா ஒபொகட்டா இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு மலையகத் தமிழரின் நிலை பற்றியும் அறிக்கையில் எழுதினார். அப்படி வருகிறவர்களுக்கு எங்கள் சனத்தின் பேச்சை, 'பேர் போடுறது' (நாள் சம்பளத்துக்குப் பதிவது), 'அரப்பேரு' (அரை நாள் சம்பளம்) என்ற சொற்களின் பொருள் கெடாமல் ஆங்கிலத்தில் கொண்டுசேர்க்கப் பிரட்டுக்களத்தைத் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு கை விரலுக்குள் நிற்கிறது? பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் முப்பது வருடம் அவர்கள் முன்னால் நின்றவன் என்ற முறையில் நான் மறுப்பேன். பூட்டுத் தொங்குவது உயர்தர வகுப்பில். க.பொ.த. உயர்தரத்தில் 'பொது ஆங்கிலம்' என்று எல்லோரும் எழுதும் ஒரு வினாத்தாள் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு அதன் புள்ளி கணக்கில் சேராது. சேருவது கலைப் பிரிவின் ஆங்கில இலக்கியப் பாடம். ஆங்கிலத்தைச் சிறப்பாகப் படிக்கப் போகிறவருக்கு அந்தப் பாடம்தான் ஏணி. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அந்தப் பாடம் நடப்பது அபூர்வம். ஆசிரியர் இல்லாததால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாததால் பட்டதாரி இல்லை, பட்டதாரி இல்லாததால் ஆசிரியர் இல்லை. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்தே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. 2009-ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. பதாகைகள் கட்டினோம். உயர்தர ஆங்கில வகுப்பு எங்கள் பாடசாலைக்கு வரவில்லை. என் மாணவி அந்த ஒரு பாடத்துக்காகக் கண்டியில் விடுதியில் தங்கினாள். அந்த விடுதிக் காசுக்காக அவள் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. எல்லா அம்மாவிடமும் தோடு இருக்காது.

மலையகத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது, நியாயமானது. அது வரும்போது வரட்டும். அதற்கு முன் செய்யக்கூடியது இருக்கிறது. ஹட்டன் கல்வி வலயத்தில் திம்புள்ளை, பத்தனை, கொட்டகலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து போகக்கூடிய ஒரு தமிழ்ப் பாடசாலையிலாவது உயர்தர ஆங்கில வகுப்பு தொடங்கட்டும். பத்துப் பிள்ளைகளின் பெற்றோர் பெயர் எழுதிக் கையெழுத்திட்டு அதிபரிடம் கொடுத்தால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க முடியும். யாரும் கேட்காத வகுப்பு ஒருநாளும் வராது. தாயே, தகப்பனே, இந்த வருடம் சாதாரணதரம் எழுதிய உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நல்ல புள்ளி இருந்தால் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

இந்த மலைகளில் பிறந்து ஆங்கிலப் பட்டம் பெற்று இப்போது கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாசித்து முடித்த நாவல்களை ஒரு பெட்டியில் போட்டு நீங்கள் படித்த பாடசாலைக்கு அனுப்புங்கள். கிட்ட இருப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாருங்கள். என் மாணவி அடுத்த லீவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்தோப்பில் வகுப்பு வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் பாடத்துக்கு மடகொம்பரைக்காரரின் கவிதையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது, நான் இன்னும் இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன்.